சத்தம் போடாத பெஞ்சு

மாசாயில் எங்கள் தமான் குடியிருப்புக்குள் நுழைந்து மூன்றாவது சந்தில் திரும்பினால் வரிசையாகப் பதினேழு வீடுகள். அதில் பதினொரு வீட்டு வாசல் கேட் நான் செய்தது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வெளிப்புறப் படிக்கட்டு, நாலு மாடி உயரம், நான் செய்தது. அதைப் பார்க்க வந்த எஞ்சினியர் வரைபடம் எங்கே என்று கேட்டார். தலைக்குள் இருக்கிறது என்றேன். சிரித்தார். படிக்கட்டு இன்னும் நிற்கிறது, எஞ்சினியர்தான் மூன்று கம்பெனி மாறிவிட்டார். மாதா கோயில் மேட்டில் வயதானவர்கள் பிடித்து ஏறும் கைப்பிடி நான் செய்தது. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை நான் செய்தது. எங்கள் அம்மன் கோயிலில் துலாபாரத் தராசு ஒன்று இருக்கிறது. ஆளை ஒரு தட்டில் உட்காரவைத்து, மறு தட்டில் எடைக்கு எடை காணிக்கை வைக்கும் தராசு. அதுவும் நான் செய்ததுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இத்தனையும் செய்தவன் படித்தது மூன்றாம் வகுப்பு. சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்டினார், நான் கீழே உதிர்ந்த பழம் பொறுக்கினேன். பதினாறு வயதில் இரண்டு சட்டையோடு பஸ் ஏறிப் பாசிர் கூடாங் வந்து, கப்பல் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலை. அங்கே ஒரு சீன வெல்டர் சாப்பிடப் போகும் நேரத்தில், அவர் போட்டுவிட்டுப் போன துண்டுகளை ஒட்டிப் பார்ப்பேன். கண்ணாடி இல்லாமல் நெருப்பைப் பார்த்துக் கண் இரண்டும் வீங்கி, உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக வெட்டிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். யாரும் எனக்குக் கைபிடித்துச் சொல்லித் தரவில்லை. முப்பது வயதில் சொந்தப் பட்டறை. போர்டில் என் பெயர், மூன்று மொழியில்.

நான் கடைசியாகச் செய்த பெரிய வேலை என் மகளின் உடற்பயிற்சிக் கூடம். கடை வரிசையில் கீழ்த்தளம், முன்பு டயர் கடையாக இருந்த இடம். ஒன்பது பெஞ்சு, சுவரைச் சுற்றி இரண்டு உயரத்தில் கைப்பிடிக் கம்பி, நாலு அங்குல உயரத்தில் படிகள், தொங்கிப் பிடிக்க இரண்டு சட்டம். அங்கே இருக்கும் இரும்பு எல்லாம் என் இரும்பு. உள்ளே நுழைந்ததும் வலது கைப் பக்கம் ஒரு பலகை. இந்தக் கூடம் எழுந்து நிற்க உதவியவர்கள் என்று பதினான்கு பெயர். முதல் பெயர் என் மனைவியுடையது. கடைசிப் பெயர் தண்ணீர் மெஷின் வாங்கிக் கொடுத்தவருடையது.

என் பெயர் அதில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் மகள் நடந்து நான் பார்த்ததில்லை, எப்போதும் ஓட்டம்தான். பள்ளி விட்டதும் பட்டறைக்கு வந்து, அடுக்கி வைத்த தகடுகளின் மேல் ஏறி நின்று குதிப்பாள். தகடு ‘டங்’ என்று அடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் குதிப்பாள். கொஞ்சம் பருத்த உடம்பு, என்னைப் போல. நான் அதை அழகு என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். தோட்டத்தில் என்னோடு பிறந்தவர்கள் எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள். என் பிள்ளை கன்னத்தில் சதை இருந்தால் அது என் உழைப்பு.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். ஆறாம் நாள் நான் வெளியே மோட்டார் நிறுத்துமிடத்தில் நின்று அம்மனிடம் வேண்டினேன். பிள்ளை எழுந்து வந்தால் அவள் எடைக்கு எடை சீனி தருகிறேன் என்றேன். அவளும் எழுந்து வந்தாள்.

அப்போது எங்கள் கோயிலில் துலாபாரத் தராசு இல்லை. குளுவாங் பக்கம் ஒரு கோயிலில் இருக்கிறது, இரவல் கேட்கலாம் என்றார் எங்கள் கோயில் தலைவர். நான் இருக்கும்போது இரவலா? மூன்று வாரத்தில் செய்து முடித்தேன். இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கால், மேலே கனமான பீம், நடுவில் அச்சு, சங்கிலி, இரண்டு பக்கமும் பித்தளை விளிம்பு வைத்த தட்டு. அச்சில் மட்டும் கிரீஸ் வைக்கவில்லை. தெரியாமல் இல்லை. கிரீஸ் சொட்டிக் காணிக்கையில் விழுந்தால் தீட்டு என்று எனக்குப் பட்டது. இரும்பில் இரும்பு உராய்ந்தால் உராயட்டும் என்று விட்டுவிட்டேன். வெறும் வெல்டர் அந்தத் தவற்றைச் செய்யமாட்டான். சாமி பயமும் சேர்ந்த வெல்டர்தான் செய்வான். காலில் ஒரு பித்தளைத் தகடு பதித்தேன். உபயம் என்று போட்டு என் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கோயில் நிறையக் கூட்டம், ஏனென்றால் நான்தான் போகிறவன் வருகிறவன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளைக்குப் புதுப் பாவாடை. தட்டில் ஏறி உட்கார்ந்தாள். தட்டு தரையைத் தொட்டது. மறு தட்டில் பத்துக் கிலோ மூட்டையை வைத்தேன். அச்சு ‘கிறீச்’ என்றது. இரண்டாவது மூட்டை, மறுபடி கிறீச். மூன்று. நாலு. ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தச் சத்தம் கோயில் கூரை வரை போய்த் திரும்பியது.

“அண்ணே, சீனி பத்தாது போல இருக்கே. கடைக்கு ஆள் அனுப்பவா?” என்றான் என் கூட்டாளி ஒருவன். கூட்டம் சிரித்தது.

“அனுப்புலா! என் மகள்னா சும்மாவா? என் வீட்டுச் சோறு!” என்றேன்.

“அலமாக், தட்டு இன்னும் தரையிலதான் இருக்கு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “என்னங்க, மெதுவா பேசுங்க. பிள்ளை மொகத்தப் பாருங்க.”

“நீ சும்மா இரு. வேண்டுதல் நெறையட்டும்.”

நான் முகத்தைப் பார்க்கவில்லை. பீம் வளைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது மூட்டை வைத்ததும் அவள் தட்டு தரையை விட்டு எழும்பியது. பீம் ஒரு நூல்கூட வளையவில்லை. நான் இரண்டு கையையும் மேலே தூக்கி, “ஏழு!” என்று கத்தினேன். கைதட்டினார்கள். அந்தச் சீனியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பிள்ளை சாப்பிடவில்லை. காய்ச்சல் வாய், கசக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் பட்டறைக்கு வந்து தகட்டில் குதித்ததில்லை. பள்ளியில் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள், அதை விட்டாள். தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் ஆடுவாள், அதையும் விட்டாள். புத்தகப் பையை முன்பக்கம் மாட்டி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரமாக நடப்பாள். பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், அடக்கம் வந்துவிட்டது என்று நான் கடையில் டீ குடிக்கும்போது பெருமையாகச் சொன்னேன். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

படித்தாள், சிங்கப்பூரில் ஆபீஸ் வேலைக்குப் போனாள். விடியுமுன் பாலம் கடந்து போய்ப் பொழுது சாய்ந்து வருவாள். அங்கே வேலை முடிந்து ஏதோ உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறாள் என்று மனைவி சொன்னாள். சொல்லித் தரும் அம்மா நல்ல பருமனாம், பந்து போலத் துள்ளுவாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு இவளே பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

“இங்க ஒரு கூடம் தொறக்கப் போறேன் பா” என்றாள். “மத்த ஜிம்முக்குப் போக வெக்கப்படறவங்களுக்கு. குண்டா இருக்கறவங்க, முட்டி போனவங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “ஜிம்முன்னா ஒடம்பு உள்ளவன் போற எடம்லா. இவங்க எதுக்கு?”

“ஒடம்பு எல்லாருக்கும் இருக்குப்பா.”

“சரி, எத்தன மாசத்துல எளைக்க வைப்ப?”

“எளைக்க வைக்க மாட்டேன். ஆட வைப்பேன்.”

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது மனைவிதான். “ஊருக்கெல்லாம் கேட் போட்டீங்க. ஒங்க பிள்ளைக்கு ஒரு பெஞ்சு போட்டுக் குடுங்க.” போட்டேன். அளவை மகள் தாளில் எழுதிக் கொடுத்தாள். பெஞ்சு மற்ற ஜிம்மில் இருப்பதைவிட இரு மடங்கு அகலம். உயரம் குறைவு. கம்பி ஒன்று இடுப்பளவு, ஒன்று நெஞ்சளவு. விளிம்பு எதுவும் கையைக் கிழிக்கக் கூடாது. எல்லாம் சரி. கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாள், அடியில் இரண்டு கோடு போட்டு: சத்தம் வரக்கூடாது.

“இது என்ன? இரும்புன்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்” என்றேன்.

“வரக்கூடாதுப்பா. ஒருத்தவங்க பயந்து பயந்து வந்து ஒக்கார்றாங்க. அப்ப பெஞ்சு கிறீச்னு கத்துச்சுன்னா, எந்திரிச்சுப் போயிருவாங்க. திரும்பி வர மாட்டாங்க.”

எனக்குச் சவால் என்றால் பிடிக்கும். நட்டு போல்ட்டே இல்லாமல் முழுக்க வெல்டிங் செய்தேன். ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் விரல் வைத்துத் தடவிப் பார்த்துத் தேய்த்தேன். காலுக்கடியில் தடித்த ரப்பர். லோரி எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்து, அதன் மேல் இரண்டு ஆட்களை உட்காரவைத்து ஆட்டினேன். பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு விடவில்லை பெஞ்சு. மகள் வந்தாள். முதலில் உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினாள். பிறகு உட்கார்ந்தாள். “நல்லா இருக்குப்பா” என்றாள். தூசி இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறாள் என்று எண்ணினேன். வீட்டில் நாற்காலியையும் அப்படித்தான் அழுத்துவாள், எத்தனையோ வருடமாக.

கூடம் திறந்தது. கண்ணாடி கிடையாது, எடை பார்க்கும் மெஷின் கிடையாது. புதிதாக வருகிறவர்களிடம் எடை என்ன, வயது என்ன என்று அவள் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்: “சின்ன வயசுல என்ன ஆடுவீங்க?” அதை ஒரு அட்டையில் எழுதிக்கொள்வாள். அதிலிருந்துதான் அவரவருக்குப் பயிற்சி.

என் மனைவிதான் முதல் ஆள். இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து முட்டி இரண்டும் போனவள். உடம்பும் கனத்துவிட்டது. பஸ் படியைக்கூட இரண்டு கையால் பிடித்துத்தான் ஏறுவாள். அவள் அட்டையில் எழுதியது நொண்டி. மலாய்ப் பிள்ளைகள் தெங்-தெங் என்று சொல்கிற அதே கட்ட விளையாட்டு. செடெனாக் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள், மண்சடக்குப் பாதையில் குச்சியால் கோடு கிழித்து ஆடியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது. முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை.

மகள் தரையில் நீல டேப்பால் எட்டுக் கட்டம் ஒட்டினாள், சுவர்க் கம்பிக்குப் பக்கத்திலேயே. முதல் மாதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டத்தை மிதித்து நடந்தாளாம். அப்புறம் ஒரு காலைத் தரையிலிருந்து எடுக்கப் பழகினாள். பிறகு குதிகாலை மட்டும் தூக்கி இறக்குவது. வீட்டில் அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதை நானே பார்த்திருக்கிறேன். “என்ன, சமையக்கட்டுல பரேடு நடக்குதா?” என்பேன். “ஆமா, கவர்னர் வர்றாரு” என்பாள். சிரித்துக்கொண்டே செய்வாள். பாட்டுகூட வரும் வாயில். அதுவரைக்கும் அந்த வீட்டில் அவள் பாடி நான் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் சாப்பிட உட்கார்ந்தபோது வேர்த்த முகத்தோடு வந்து நின்றாள்.

“என்னங்க, இன்னிக்கு ஒரு கட்டம் தாண்டிட்டேன். ஒத்தக் கால்ல.”

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். “ஒரு கட்டத்துக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? நான் நாலு மாடிப் படிக்கட்டு போட்டவன்.”

“அது சரி. இத வந்து பாருங்களேன். சனிக்கெழம வாங்க, ஒங்க முன்னாடி தாண்டிக் காட்டறேன்.”

“சனிக்கெழம ஒரு கேட் மாட்டணும்.”

அடுத்த வாரமும் கேட்டாள். வருகிறேன் என்றேன், போகவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, “கெழவி குதிக்கறதப் பாக்க டிக்கெட் வேற வாங்கணுமா?” என்றேன். அவள் கோபப்படவில்லை. “டிக்கெட் எல்லாம் ஃப்ரீதான்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை நேரம் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், நான் செய்த கேட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள். உடற்பயிற்சி செய்ததால்தான் என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேர் காதில் ஓதினார்கள். டாக்டர் அப்படி இல்லை என்றார். அடைப்பு பல வருடமாக இருந்திருக்கிறதாம், இத்தனை நாள் ஓடியதே பெரிது என்றார். நான் டாக்டரை நம்பினேன். ஆனால் யார் மேலாவது பழியைப் போட மனம் அலைந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். அதில் ஒரு பெரியவர், நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நல்ல பருமன், கையில் ஊன்றுகோல். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, உங்கட மனிசி துள்ளினதை இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தனான். கடைசியா மூண்டு கட்டம். மூண்டாவதில கம்பியை விட்டுட்டா. நாங்கள் எல்லாரும் எழும்பிக் கை தட்டினம். சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ. நீங்கள் பார்த்திருப்பியள்தானே?”

நான் தலையை ஆட்டினேன். பார்த்ததாக. பொய்.

ஒரு மாதம் போனது. ஒரு மத்தியானம் வகுப்பு இல்லாத நேரம் பார்த்துக் கூடத்துக்குப் போனேன். திறப்பு விழாவுக்குப் பிறகு அன்றுதான் உள்ளே கால் வைக்கிறேன். மகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தரையில் நீலக் கட்டங்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்க முடியாமல் வலது பக்கம் திரும்பினேன். அங்கேதான் அந்தப் பலகை, திறப்பு விழாவுக்குப் பிறகு மாட்டியது. படித்துப் படித்துப் பார்த்தேன். என் பெயர் இல்லை. துக்கம் கோபமாக வருவது எனக்குப் பழக்கம்.

“இந்தப் பெஞ்சு யாரு செஞ்சது?”

“நீங்கதான்.”

“செவத்துல கம்பி?”

“நீங்கதான் பா.”

“அப்ப எம் பேரு எங்க? தண்ணி மெஷின் குடுத்தவன் பேரு இருக்கு. பெயிண்ட் அடிச்சவன் பேரு இருக்கு.”

அவள் பாயைக் கீழே வைத்தாள். “ஒங்க பேருதான் ஏற்கனவே ஒரு எடத்துல இருக்கே. கோயில் தராசுல. கோயிலுக்குப் போறப்பல்லாம் படிக்கிறேன்.”

“அது புண்ணியம்லா! ஒனக்காகச் செஞ்சது!”

“எனக்காகவா?” என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போனேன். எம் பேரு ஏழு மூட்ட. ஃபார்ம் ஃபைவ் முடிஞ்சு ஸ்கூல விடற வரைக்கும் எம் பேரு ஏழு மூட்டதான். டீச்சர் ஒருத்தங்ககூட வாய் தவறிக் கூப்பிட்டாங்க. நீங்க ரெண்டு கையையும் தூக்குனீங்கப்பா, பந்தயத்துல ஜெயிச்ச மாதிரி. அந்தச் சத்தம், ஒவ்வொரு மூட்டைக்கும் கிறீச் கிறீச்னு. இன்னிக்கும் நாற்காலிய அழுத்திப் பாக்காம நான் ஒக்கார மாட்டேன்.”

என் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். அது சத்தம் போடவில்லை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். அப்பாகிட்ட சொல்லாத, தாங்க மாட்டாருன்னாங்க.”

இருபது வருடத்துக்கு மேல் என்னைத் தாங்கமாட்டாதவன் என்று நினைத்து இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் வெளியே, கண்ணில் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டு தொழில் கற்ற கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மறுநாள் பட்டறைச் சாமானை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தலைவரிடம் தராசைப் பிரிக்க வேண்டும் என்றேன். “ஏன்ணே, நல்லாத்தானே இருக்கு?” என்றார். “கத்துது” என்றேன். “இத்தன வருஷமா கத்திக்கிட்டுத்தான இருக்கு. அது சாமி சத்தம்லா” என்றார். அச்சைக் கழற்றினேன். காய்ந்து, தேய்ந்து, துருப்பொடி கொட்டியது. பித்தளையில் கடைந்த வளையம் ஒன்றைச் செருகினேன். அதற்குக் கிரீஸ் வேண்டாம், தீட்டும் இல்லை, சத்தமும் இல்லை. அன்றைக்கே இந்த வளையத்தைப் போட்டிருக்கலாம். பட்டறையில் இருந்தது, பெரிய வேலையுமில்லை.

சரிபார்க்க யாராவது உட்கார வேண்டும். நானே தட்டில் ஏறி உட்கார்ந்தேன். குருக்களும் தலைவரும் அரிசி மூட்டை தூக்கி வைத்தார்கள். அங்கே கூட்டம் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். தட்டு சத்தமில்லாமல் இருந்தது. “ஐயாவுக்கு இன்னும் ரெண்டு வேணும் போல” என்று குருக்கள் சாதாரணமாகத்தான் சொன்னார். என் இரண்டு கையும் தானாகப் போய் வயிற்றை மூடிக்கொண்டன. குனிந்து என் கைகளைப் பார்த்தேன். அன்று பிள்ளையும் இப்படித்தான் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று மனைவி எப்போதோ சொன்னது அப்போதுதான் விளங்கியது.

பெயர்த் தகட்டைக் கழற்றிவிடலாமா என்று திருகாணி வரை கை போயிற்று. கழற்றவில்லை. செய்தவன் பெயர் செய்த பொருளில் இருக்க வேண்டும். நல்லதானாலும் கெட்டதானாலும்.

அந்தச் சனிக்கிழமை கூடத்துக்குப் போய் மற்றவர்களைப் போல வரிசையில் நின்றேன். மகள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுப் புது அட்டை எடுத்தாள்.

“சின்ன வயசுல என்ன ஆடுவீங்க?”

“பழம் பொறுக்குவேன்.”

“ஆட்டம் பா.”

யோசித்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். உலகத்தில் இருக்கும் பூட்டு, கீல், படிக்கட்டு எல்லாம் தலைக்குள் இருந்தது. ஒரு ஆட்டம்கூட இல்லை. “ஆடினதில்லம்மா” என்றேன். அவள் அந்த இடத்தை எழுதாமல் விட்டாள். அட்டையை அப்படியே பெட்டியில் வைத்தாள்.

இப்போது செவ்வாயும் சனியும் போகிறேன். குனிந்து நிமிர்கிறேன், கையைத் தூக்குகிறேன், பெரியவர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன். அவர் கேலி பேசுவார்: “தம்பி, இரும்பை வளைச்சனீங்கள், இடுப்பை வளைக்க இவ்வளவு பாடா?” எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அங்கே சிரிப்பது யாரையும் குத்துவதில்லை, அதை என் மகள் எப்படியோ செய்து வைத்திருக்கிறாள். ஆனால் அவர்கள் சொல்கிற அந்தச் சந்தோஷம் எனக்கு வந்ததா என்றால், இல்லை. நீலக் கட்டத்தில் இன்னும் நான் கால் வைக்கவில்லை. ஓரமாகச் சுற்றித்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் கண்டேன். இரண்டாவது கட்டத்துக்கு நேரே, கீழ்க் கம்பியில், ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. நான் மூன்று பூச்சு அடித்த பெயிண்ட். சும்மா பிடித்தால் தேயாது. ஒரே ஆள், ஒரே இடத்தில், பல மாதம் இறுக்கிப் பிடித்தால்தான் தேயும். மூன்றாவது கட்டத்துக்கு நேரே தேய்மானம் இல்லை. அங்கேதான் அவள் கையை விட்டிருக்கிறாள்.

அதனால் மகளே, இதை நீ படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். பலகையில் கடைசி வரிக்குக் கீழே இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். என் பெயரைப் போடு. கோயில் தராசு செய்தவனும் இவன்தான் என்று சேர்த்துப் போட வேண்டும் என்றால் போடு, நான் அழிக்க மாட்டேன். ஏழு மூட்டை என்று கத்தியவன் என்றும் போடு. ஆனால் கம்பியை விட்டுவிடாதே. உன் அம்மா ஒற்றைக் காலில் எழும்பிய அன்று அவள் மூன்று முறை கூப்பிட்டும் நான் அங்கே இல்லை. நான் செய்த கம்பி இருந்தது. அவள் அதைப் பிடித்துத்தான் எழும்பினாள். அது என் வேலை, எழுதித்தான் ஆக வேண்டும்.